பந்தயத்துக்கு முன் இரண்டு டம்ளர்

என் மகள் ஹம்சத்வனி ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். பயிற்சியில் பதினேழு நிமிடம் இருபது விநாடியில் முடித்துவிடுவாள். போட்டி என்று வந்துவிட்டால் பதினெட்டைத் தாண்டிவிடும். மூன்று வருடமாக இதே கதை. மத்திய அரசுத் துறை ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். தேர்வு ஓட்டத்தில் பதினேழு முப்பதுக்குள் வரவேண்டும். இரண்டு முறை போய் இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பினாள். ஜனவரியில் திருச்சியில் நடக்கவிருந்தது மூன்றாவது, அதுவே கடைசி. அதற்குப் பிறகு வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் தனியார் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான்.

நான் கல்யாணம். தஞ்சாவூரில் காபிப்பொடிக் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பெயர் விஜயம் காபி. விஜயம் என் மனைவி. எங்களுக்குத் திருமணமான வருடம் பழைய பலகையைக் கழற்றிவிட்டு அவள் பெயரை மாட்டினேன். மகளுக்கு ராகத்தின் பெயரை வைத்ததும் நான்தான், பாட்டுக்காரியாக வருவாள் என்ற நினைப்பில். அவளோ பாட்டு வகுப்புக்குப் போகிற வழியில் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடியே பெயர் வாங்கினாள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. முதல் பரிசுக் கோப்பையைக் கொண்டுவந்த அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கால் கிலோ வாங்கினால் ஐம்பது கிராம் இலவசமாகக் கொடுத்தவன் நான்.

கடையில் அரவை இயந்திரத்துக்கு மேலே, மூன்று வருடத்துக்கு முன் வந்த ஒரு செய்தித்தாள் துண்டை லேமினேட் செய்து மாட்டியிருந்தேன். காஃபின் ஓட்டக்காரர்களின் தாங்கும் சக்தியைக் கூட்டுகிறது என்று வெளிநாட்டு ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். முன்பு அளவுக்கு மேல் குடித்தால் தடை இருந்ததாம், இப்போது அதுவும் இல்லையாம். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மகள் ஓடுகிறாள், அப்பன் காபிப்பொடி அரைக்கிறான், பொருத்தத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

அன்றிலிருந்து ஒவ்வொரு போட்டிக்கும் ஃப்ளாஸ்க்கோடு போய் நின்றேன். பீபெரிக் கொட்டையும் பிளாண்டேஷன் கொட்டையும் பாதிக்குப் பாதி, அன்று காலை அரைத்த பொடி, முதல் டிகாஷன் மட்டும். ஓட்டத்துக்குச் சரியாக ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு டம்ளர். அவளும் மறுக்காமல் குடிப்பாள். பயிற்சி நாட்களில் இந்த உபசாரம் கிடையாது. பால் வருவதற்கு முன்பே எழுந்து, ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுப் புதுஆற்றங்கரைக்குப் போய்விடுவாள். திரும்பி வந்தால் கேழ்வரகுக் கஞ்சி, ஹாஸ்டலில் பழகியது.

நவம்பரில் திருவாரூரில் ஒரு போட்டி. முதல் சுற்றில் எல்லோரையும் விட்டுவிட்டு அம்பு மாதிரி பறந்தாள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். மூன்றாவது கிலோமீட்டரில் தோள் தூக்கிக்கொண்டது, வாய் கோணிக்கொண்டது, பின்னால் வந்தவர்களெல்லாம் தாண்டிப் போனார்கள். பதினெட்டு பன்னிரண்டு. முடித்த பிறகும் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், பெண்ணுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது, மனதில்தான் இல்லை என்றார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. ஆனால் உள்ளுக்குள் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை டிகாஷனுக்கு இன்னும் இரண்டு ஸ்பூன் பொடி கூடுதலாகப் போட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் சுமையா வீட்டுக்கு வந்தாள். நாகூர்ப் பெண், கல்லூரியில் ஹம்சாவுக்கு மூன்று வருடம் சீனியர். அவளும் ஓட்டக்காரிதான், முழங்கால் போனதால் நிறுத்திவிட்டு, விளையாட்டு உடலியல் படித்து இங்கே பிசியோதெரபி கிளினிக் ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஹம்சாவின் கைக்கடிகாரத்தில் பதிவாகியிருந்த நாடித்துடிப்பைப் பார்த்தாள். பயிற்சி நாட்களின் பதிவையும் போட்டி நாட்களின் பதிவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். போட்டி நாளில், ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு எகிறியிருந்தது. அன்றைக்கு என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஃப்ளாஸ்க்கின் பேச்சு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

காஃபின் பெரும்பாலோருக்கு உதவுவது உண்மைதான் என்றாள். ஆனால் அதைக் கல்லீரல்தான் கரைக்க வேண்டும், அந்த வேலைக்கு என்று ஒரு மரபணு இருக்கிறது, சிலருக்கு அது வேகமாகக் கரைக்கும்படி இருக்கும், சிலருக்கு மெதுவாக. சைக்கிள் ஓட்டுகிறவர்களை வைத்துச் செய்த ஓர் ஆராய்ச்சியில், மெதுவாகக் கரைக்கிற கூட்டம் கூடுதல் காஃபின் குடித்த அன்று வேகம் குறைந்திருக்கிறது. எல்லா ஆராய்ச்சியும் ஒரே மாதிரி சொல்லவில்லை என்பதையும் அவளே சொன்னாள். நாற்பத்தெட்டு கிலோ உடம்புக்கு நீங்கள் கொடுக்கிற டிகாஷன் அதிகமோ என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான் என்றாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். டீ குடிக்கிற ஊரிலிருந்து வந்து காபிக்குக் குற்றம் சொல்கிறாயா என்று கேட்டேன். என் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊர் எங்கள் பொடியைக் குடிக்கிறது, ஒருத்தனாவது விழுந்திருக்கிறானா என்றேன். நானே ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் குடிக்கிறேன், தலையணையில் தலை வைத்தால் கும்பகர்ணன் என்றேன். விஜயம் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுமையா கோபித்துக்கொள்ளவில்லை. "சரிங்க அங்கிள், நான் சொல்றது தப்பாவே இருக்கட்டும். சோதிச்சுப் பாத்துருவோம். ஆனா அதுக்கு உங்க கைதான் வேணும்" என்றாள்.

அவள் கேட்டது இதுதான். நாலு ஞாயிற்றுக்கிழமை, ஒரே மைதானம், ஒரே நேரம், ஐயாயிரம் மீட்டர். இரண்டு ஞாயிறு காஃபின் உள்ள பானம், இரண்டு ஞாயிறு இல்லாத பானம். எது எது என்று ஹம்சாவுக்கும் தெரியக்கூடாது, தனக்கும் தெரியக்கூடாது. காபி மாதிரியே இருந்து காஃபின் இல்லாத பொருள் எது? சிக்கரி.

காபிக்காரனிடம் போய் முழுச் சிக்கரியில் டிகாஷன் போடு என்பது, நெல் விதைக்கிறவனிடம் பதரைத் தூற்றி நாற்றங்காலில் விடு என்பது போலத்தான். எங்கள் கடையில் கேட்டு வருகிறவர்களுக்குக்கூட இருபது சதவீதத்துக்கு மேல் கலக்க மாட்டேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் கீழவாசல் சாரங்கபாணி கடைக்குப் போங்கள் என்று வழியைக் காட்டிவிடுவேன். இப்போது என் மகளுக்கு என் கையால் முழுச் சிக்கரி. ருசியில் கண்டுபிடித்துவிடக்கூடாது என்பதற்காக, காபிப் பொட்டலத்திலும் பாதி சிக்கரி கலக்கச் சொன்னாள் அந்தப் பெண். பல்லைக் கடித்துக்கொண்டு நாலு பொட்டலம் கட்டினேன். எந்த வாரம் எது என்பதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, சுவாமி அலமாரியில் வைத்தேன். என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் நான் மைதானத்தின் கடைசிப் படிக்கட்டில் போய் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. டிகாஷன் போடுவது விஜயம், கொண்டுபோய்க் கொடுப்பது சுமையா.

முதல் ஞாயிறு சிக்கரி. பதினேழு இருபத்து நான்கு. தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது ஞாயிறு காபி. பதினெட்டு மூன்று. போன வாரக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறும் காபிதான். அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன். மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. முதல் இரண்டு கிலோமீட்டர் பறந்தாள். நான் வேண்டாத தெய்வம் இல்லை. எட்டாவது சுற்றில் அதே தோள் தூக்கல், அதே வாய்க் கோணல். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஓடினாள். தன்மேல்தான் தப்பு, தனக்குத்தான் பயம் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பது அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது. அவளுக்குள் என்ன இருக்கிறது என்பது அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இறங்கிப் போய்ச் சொல்லவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மூன்று வருடமாக இவளை நான்தான் இப்படி ஓடவிட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பெற்ற வயிறு பற்றி எரியும் என்பார்களே, அப்பனுக்கும் எரியும்.

நாலாவது ஞாயிறு சிக்கரி. பதினேழு இருபத்தொன்று.

வீட்டுக் கூடத்தில் உறையைப் பிரித்தார்கள். நேரங்களையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள் சுமையா. நாலு ஓட்டத்தை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது, ஆனாலும் இது போதும் என்றாள். தோற்றவன் சும்மா இருப்பானா? என் வாய் இருக்காது. இதெல்லாம் அவள் அம்மா வழியில் வந்த நோஞ்சான் உடம்பு, எங்கள் பக்கத்தில் யாருக்கும் காபி ஒத்துக்கொள்ளாமல் போனதே இல்லை என்றேன்.

விஜயம் உள்ளே போனாள். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். திறந்தேன். முழுச் சிக்கரி. மூடியில் சாரங்கபாணி கடைச் சீட்டு ஒட்டியிருந்தது.

"இருபத்திரண்டு வருஷமா நான் குடிக்கறது இதுதான்" என்றாள். "உங்க காபியைக் குடிச்சா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். ராத்திரி பூரா கொட்டு கொட்டுன்னு முழிச்சுண்டு இருப்பேன். ஹம்சா பொறந்து நாலு வருஷம் பாத்தேன், அப்புறம் முடியலை."

இருபத்திரண்டு வருடம். தினம் இரண்டு வேளை என் எதிரே உட்கார்ந்து அவள் குடித்திருக்கிறாள். இன்றைக்குக் காபி எப்படி என்று நானும் தினம் கேட்டிருக்கிறேன். பேஷா இருக்கு என்று அவளும் சொல்லியிருக்கிறாள். கோயில் பிராகாரத்தில் பார்க்கும்போதெல்லாம் சாரங்கபாணி என்னைப் பார்த்து ஏன் அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தான் என்பதும் விளங்கியது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கடைக்கு என் பேரை வெச்சுட்டேளே" என்றாள். "அப்புறம் எப்படிச் சொல்றது?"

சுமையா டப்பாவைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். ரத்தப் பரிசோதனை செய்து பார்க்காதவரை இது ஊகம்தான் என்று முதலில் சொன்னாள். பிறகு மெதுவாக, "அந்த மரபணு ஒவ்வொருத்தருக்கும் அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு வரும் அங்கிள். ரெண்டுமே மெதுவானதா இருந்தாத்தான் இந்த அளவுக்குப் பாதிக்கும்னு அந்த ஆராய்ச்சியில சொல்றாங்க. அப்படிப் பாத்தா, உங்ககிட்டேருந்தும் ஒண்ணு வந்திருக்கணும். உங்ககிட்ட வேகமானது இன்னொண்ணு இருக்கறதால உங்களுக்குத் தெரியலை" என்றாள்.

பாதிக்குப் பாதி. அதுவும் என் கலவைதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. விஜயத்திடம் மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. அந்த டப்பாவை எடுத்துப்போய், ஒளித்துவைக்காமல், அடுப்பு மேடையில் என் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வுக்கு வெறும் தண்ணீர் போதும் என்றுதான் சுமையா சொன்னாள். ஹம்சாதான் கேட்கவில்லை. மூன்று வருடமாக ஃப்ளாஸ்க்கோடு அப்பா நிற்காத போட்டியே நான் ஓடினதில்லை, கையில் ஒன்றும் இல்லாமல் வந்தால் கோபமாக வந்திருக்கிறார் என்றுதான் மனது நினைக்கும் என்றாள். அதனால் ஃப்ளாஸ்க் உண்டு, உள்ளே சிக்கரி என்று முடிவாயிற்று. சுமையாவுக்கு அன்று கிளினிக்கில் விடுப்புக் கிடைக்கவில்லை. நாங்கள் மூவர்தான் விடியற்கால பஸ்ஸில் திருச்சிக்குப் போனோம். வழியெல்லாம் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ரோட்டோரமாக வரிசையில் நின்றன.

மைதானத்தில் ஒரு மணி நேரம் முன்னால் பையைத் திறந்தேன். உள்ளே இரண்டு ஃப்ளாஸ்க்குகள். ஒன்று அவளுக்குச் சிக்கரி. இன்னொன்று எனக்குக் காபி, அது இல்லாமல் நான் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. இரண்டும் ஒரே கடையில் வாங்கிய எவர்சில்வர் ஃப்ளாஸ்க், ஒரே அளவு, உள்ளே இருந்ததும் ஒரே நிறம். அவளுடையதில் ரப்பர் பேண்டு மாட்டியிருந்தேன். பஸ் நெரிசலில் அது அறுந்து பைக்குள் கிடந்தது. பனியில் அவள் பின்னாலேயே மொபெட்டில் ஆற்றங்கரையைச் சுற்றியதில் ஒரு வாரமாக எனக்குக் கடுமையான ஜலதோஷம். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாய் குடித்தேன். வெந்நீர் மாதிரி இருந்தது. இன்னொன்றைக் குடித்தேன். அதுவும் வெந்நீர்தான்.

ஹம்சா டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் எதை ஊற்றினாலும் குடித்துவிடுவாள். அதுதான் என்னைக் கலக்கியது. நாற்பது வருடமாகக் காபி அரைக்கிறவன், இரண்டில் எது காபி என்று தெரியவில்லை என்று சொல்ல வாய் வருமா? வலது பக்கத்து ஃப்ளாஸ்க்கை எடுத்தேன், ஏறக்குறைய நிச்சயம் என்று தோன்றியது. ஏறக்குறைய. மூன்றாவது ஞாயிறு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அவள் ஓடியது நினைவுக்கு வந்தது.

"எனக்குத் தெரியலைடி" என்றேன். "எது எதுன்னு எனக்குத் தெரியலை. விஜயம், நீ பாத்துச் சொல்லு."

விஜயம் இரண்டு மூடியிலும் கொஞ்சம் ஊற்றினாள். ஒன்றை நாக்கில் தொட்டதுமே முகத்தைச் சுளித்து, நான் ஊற்றப்போன அந்த வலது ஃப்ளாஸ்க்கை என் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் போட்டாள். மற்றதை மகளுக்கு ஊற்றினாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

பன்னிரண்டரைச் சுற்று. சுற்றுக்கு எண்பத்து நான்கு விநாடிக்குள் ஓடினால் போதும். முதல் சுற்றில் அவளைத் தேடினேன், முன்னால் காணவில்லை. ஏழாவது ஆளாக வந்துகொண்டிருந்தாள். போச்சு, தெம்பே இல்லை, காபியைக் கொடுத்திருக்கலாமோ என்று அந்த நிமிடத்திலும் என் புத்தி போயிற்று. விஜயம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைக் காட்டினாள். எண்பத்து மூன்று. இரண்டாவது சுற்றும் எண்பத்து மூன்று. மூன்றாவது கிலோமீட்டர் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தோள் இறங்கியே இருந்தது. முன்னால் பறந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வர ஆரம்பித்தார்கள். ஐந்து, நான்கு, மூன்று. கடைசிச் சுற்றில் இன்னொருத்தியையும் தாண்டினாள். நான் கத்தவேயில்லை, படிக்கட்டிலிருந்து இறங்கி வேலிப் பக்கம் போனேன்.

பதினேழு பதினெட்டு. இரண்டாவது இடம். பதினேழு முப்பதுக்குள் வந்தவர்கள் மூன்றே பேர், வேலை இரண்டு. சான்றிதழ் சரிபார்க்க மேஜைக்கு வரச்சொல்லி மைக்கில் முதல் இரண்டு பெயர்களைக் கூப்பிட்டார்கள்.

மேஜைக்குப் போகாமல் அவள் நேராக வேலிப் பக்கம் வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து மூச்சு வாங்கினாள். அவள் கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை.

"மூணாவது கிலோமீட்டர்ல நெஞ்சு அடிச்சுக்கும், அடிச்சுக்கும்னு காத்துண்டே இருந்தேன்ப்பா" என்றாள். "வரவேயில்லை. நாலு ஞாயிறு பாத்தப்போகூட நான் முழுசா நம்பலை. இத்தனை வருஷமா அதை என் பயம்னுதான் நினைச்சுண்டு இருந்தேன்."

கம்பிக்கு நடுவே கையை விட்டு அவள் தலையைத் தொட்டேன்.

"அது உன் பயம் இல்லைடி. என் காபி."